ஃபாத்தியில் வீடு பார்க்கும் குன்னூர்த் தங்கைக்கு

செப்டம்பரில் இஸ்தான்புல் வருகிறாய், பெயாஸித்தில் இருக்கிற பல்கலைக்கழகத்தில் முதுகலை, ஃபாத்தியில் சார்ஷம்பா என்கிற பகுதியில் இன்னும் இரண்டு பெண்களோடு பங்கு போட்டு ஒரு வீடு மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் அது ரொம்பக் கட்டுப்பெட்டியான இடம், முக்காடு போடாத பெண் அங்கே இருக்கவே முடியாது என்று யாரோ சொல்லி உன் அப்பா பயந்துபோயிருக்கிறார், இருக்கலாமா கூடாதா, இருந்தால் என்னென்ன பார்க்கலாம், இதுதானே கேட்டாய்? நான் அங்கே போய் 11 வருடம் ஆகிறது, அதில் 9 வருடம் ஃபாத்தியில்தான். இப்போது லீவில் கோத்தகிரியில் அம்மா வீட்டில் இருக்கிறேன், மிஸ்ட் இறங்கி எதிர்வீடு தெரியவில்லை, கரண்டும் இல்லை, அதனால் நிதானமாகவே எழுதுகிறேன். நீ, வா, போ என்றுதான் எழுதப்போகிறேன், கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் நடுவில் நீங்க நாங்க எல்லாம் எதற்கு.

இருக்கலாம். சார்ஷம்பா மட்டும் முதல் வருடம் வேண்டாம்.

ஃபாத்தி என்பது ஒரு தெருவோ பேட்டையோ இல்லை. பழைய கான்ஸ்டான்டினோபிளின் கோட்டை மதிலுக்குள் இருந்த ஊர் முழுக்க இன்றைக்கு ஃபாத்தி மாவட்டம்தான், தனியாக இருந்த எமினோனுவையும் 2008-இல் சட்டம் போட்டு இதோடு சேர்த்துவிட்டார்கள். உன் பல்கலைக்கழகம், அயா சோஃபியா, பெரிய பஜார் எல்லாமே இதற்குள் வந்துவிடும். அதனால் "ஃபாத்தி கட்டுப்பெட்டி" என்பது "நீலகிரி குளிரும்" என்பது மாதிரி. கூடலூரும் நீலகிரிதான், அவலாஞ்சியும் நீலகிரிதான். லாலெலியில் மொத்தத் துணி வியாபாரம், கடைப்பையன்கள் ரஷ்ய மொழியில் கூப்பிடுவார்கள். கொஞ்சம் நடந்தால் அக்சராய், அங்கே பலகைகளில் பாதி அரபி, சிரியாக்காரர்களின் ரொட்டிக்கடையும் இனிப்புக்கடையும். மேலே ஏறினால் ஃபாத்தி மசூதி, அதையும் தாண்டினால் சார்ஷம்பா. அங்கே ஆண்கள் தலைப்பாகையும் நீள அங்கியும், பெண்களில் நிறையப் பேர் உச்சியிலிருந்து கால்வரை கறுப்பு சார்ஷாஃப். அதே மேட்டின் மறுபக்கம் இறங்கினால் பாலாத், மூக்கில் வளையம் மாட்டிய பிள்ளைகள் காபிக் கடையில் லேப்டாப்போடு.

நான் முக்காடு போடுவதில்லை, போடு என்று இத்தனை வருடத்தில் யாரும் என் முன்னால் வந்து நின்றதும் இல்லை. மசூதிக்குள் போகும்போது மட்டும் தலையை மூட வேண்டும், அதற்குத் துப்பட்டா போதும், செருப்பைக் கழற்றுவது நமக்குப் புதிதா என்ன. நம்ம சுடிதார் அங்கே அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்தும். சார்ஷம்பாவில் ஒரே ஒரு தடவைதான் திட்டு வாங்கினேன், அதுவும் உடைக்காக இல்லை, தெருவைப் போட்டோ எடுக்கிறேன் என்று போன பெண்களையும் சேர்த்து எடுத்துவிட்டேன். அந்த அம்மா கத்தியதில் நியாயம் இருந்தது, அங்கேயே நின்று அழித்தேன்.

பயப்பட வேண்டிய விஷயம் வேறு. அந்தத் தெருக்களில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். என் இரண்டாவது வருடம், இரவு பதினொன்றரைக்குத் தனியாக ஏறி வருகிறேன், கீழே பக்கால் கடை அமுஜா, பக்கால் என்றால் மளிகை, அமுஜா என்றால் சித்தப்பா மாதிரி, ஷட்டரைப் பாதி இறக்கியவர் அப்படியே நிறுத்திவிட்டு நான் கதவைத் திறந்து உள்ளே போகிறவரை பார்த்துக்கொண்டே நின்றார். நன்றியாக இருந்தது. மறுநாள் காலை மாடிவீட்டு அம்மா, "நேற்று பதினொன்றரைக்கு வந்தாயாமே?" கோத்தகிரியில் காலேஜ் படிக்கும்போது மினி பஸ் கண்டக்டர் அப்பாவிடம் போட்டுக்கொடுத்தது ஞாபகம் வந்துவிட்டது. அதே காவல், அதே கண்காணிப்பு, ஒன்று வேண்டும் இன்னொன்று வேண்டாம் என்றால் நடக்காது. சார்ஷம்பாவில் அது இரண்டு மடங்கு, அதனால்தான் மொழி தெரியாத முதல் வருடத்தில் வேண்டாம் என்கிறேன். வெஃபா, ஸெய்ரெக், ஜிபாலி பக்கம் பார். பாலாத் அழகுதான், ஆனால் வர்ணம் அடித்த வீடுகளைப் படம் எடுக்க வரும் கூட்டத்தால் வாடகை எகிறிவிட்டது, உன் சன்னலும் யாரோ ஒருவர் படத்தில் இருக்கும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒன்று. வெளிநாட்டவர் 20 சதவீதத்தைத் தாண்டிய மஹல்லேக்களில், மஹல்லே என்றால் நம் வார்டு மாதிரி, புதிதாக வெளிநாட்டவர் முகவரி பதிவதை 2022-இல் நிறுத்தினார்கள், ஃபாத்தி அதில் முதலிலேயே வந்தது. பட்டியல் அவ்வப்போது மாறும். முகவரி பதியாமல் இகாமெத், அதாவது வசிப்பு அனுமதி, கைக்கு வராது. அதனால் வீட்டின் முழு முகவரியை வாங்கி, பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு அனுப்பி, இதில் பதிய முடியுமா என்று எழுத்தில் பதில் வாங்கு. புரோக்கர் "ஒன்றும் பிரச்சினை இல்லை" என்றுதான் சொல்வார். எனக்கும் ஒருவர் அப்படித்தான் சொல்லி ஒரு வீட்டைத் தள்ளிவிட்டார். ரோட்டிலிருந்து பார்த்தால் தரைத்தளம், பின்னால் போய்ப் பார்த்தால் பாதி மண்ணுக்குள், டிசம்பரில் சுவரெல்லாம் கறுப்புப் பூசணம். சரிவில் கட்டிய வீட்டுக்குப் பின்பக்கம் பார்க்க வேண்டும் என்று மலையில் பிறந்தவளுக்கு யாராவது சொல்லித் தரணுமா? ஏமாந்தேன்.

கட்டிடம் எந்த வருடம் என்றும் கூச்சப்படாமல் கேள். இஸ்தான்புல் நிலநடுக்க ஊர். 1999 ஆகஸ்டில் பக்கத்து இஸ்மித் பகுதியில் வந்ததில் 17,000 பேருக்கு மேல் போனார்கள், கட்டிட விதிகள் இறுகியது அதற்குப் பிறகுதான். ஃபாத்தி மசூதியே, 1453-இல் ஊரைப் பிடித்த சுல்தான் மெஹ்மெத் கட்டியது, 1766 நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டது, இப்போது நிற்பது 1771-இல் திரும்பக் கட்டியது. அதற்கும் முன்னால் அதே இடத்தில் பைசாந்தியப் பேரரசர்களைப் புதைத்த பெரிய தேவாலயம் இருந்தது. 2009 மண்சரிவைப் பார்த்த ஊர்க்காரிக்கு இதெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை.

மொழிக்குப் பயப்படாதே. வினைச்சொல் கடைசியில் வரும், விகுதி ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும்: எவ் வீடு, எவ்லெர் வீடுகள், எவ்லெர்தெ வீடுகளில். ஆங்கிலம் வழியாகப் படிக்காமல் தமிழ் வழியாக யோசித்தால் பாதி வேலை குறையும். உறவுமுறையும் அப்படியே. அப்பாவோடு பிறந்தவர் அமுஜா, அம்மாவோடு பிறந்தவர் தாயி, சித்தி என்றால் தெய்ஸெ, அத்தை என்றால் ஹாலா, தெருவில் போகிற பெண்ணையும் அப்லா என்று கூப்பிட்டால் அக்கா என்று கூப்பிட்ட மாதிரித் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் ஓட்டலில் "ஹிந்தி" என்று பார்த்துச் சந்தோஷப்படாதே, அது வான்கோழி. தேங்காய்க்குத்தான் நம் பேர், "இந்தியா அக்ரூட்" என்கிற அர்த்தத்தில்.

சைவம் என்றால் மூன்று வாக்கியம் மனப்பாடம் செய்: இறைச்சி வேண்டாம், கோழியும் வேண்டாம், இறைச்சி வேகவைத்த தண்ணீரும் வேண்டாம். முதலாவதை மட்டும் சொன்னால் கோழி வரும், அவர்கள் கணக்கில் கோழி இறைச்சியில் சேராது. பருப்பு சூப், ஆலிவ் எண்ணெயில் வதக்கி ஆறவைத்துத் தரும் காய்கறி, தயிர், உப்பு மோரான அய்ரான், சுலைமானியே மசூதிக்கு எதிர்வரிசையில் வெள்ளை பீன்ஸும் சோறும் (கறி போடாததா என்று கேட்டுவிட்டு), பட்டினி கிடக்கமாட்டாய். குளிர்காலத்தில் வெஃபாவில் 1876-இலிருந்து இருக்கிற கடையில் போஸா குடி, சிறுதானியத்தைப் புளிக்க வைத்தது, மேலே பட்டைத்தூளும் வறுத்த கொண்டைக்கடலையும். பாட்டி வைத்த ராகிக் கூழில் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது எனக்கு, கூட வந்தவர்கள் இரண்டு வாய்க்கு மேல் குடிக்கவில்லை.

அக்கம்பக்கத்தில் தட்டு வரும். மொஹரம் மாதத்தில் கோதுமை, கொண்டைக்கடலை, உலர்பழம் எல்லாம் போட்ட அஷூரெ கிண்ணம் கிண்ணமாக வரும், பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது அங்கேயும் உண்டு. நான் முதல் தடவை ரவா கேசரி கிளறி நிரப்பிக் கொண்டுபோனேன். கதவைத் திறந்த தெய்ஸெ அதைப் பார்த்ததும் முகம் வாடி என் கையைப் பிடித்துக்கொண்டு, "யார் போனார்கள் மகளே?" என்றார். ரவையில் அல்வா கிளறுவது அங்கே சாவு வீட்டு வழக்கம். அதற்கப்புறம் சுண்டலோடு நிறுத்திக்கொண்டேன். ரமலானில் விடியலுக்கு முன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்ப மேளக்காரர் வருவார், முதல் நாள் இரவு நானும் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கடைசியில் வீடு வீடாக இனாம் கேட்டு வருவார், கொடுத்துவிடு, உன்னையும்தான் எழுப்பியிருப்பார்.

சுற்றிப் பார்க்க அயா சோஃபியா பற்றி ஊரே சொல்லும், நான் சொல்லவில்லை. ஒரு புதன்கிழமை காலியாக வை. ஃபாத்தி மசூதியைச் சுற்றித் தெருத்தெருவாகச் சந்தை, நம் ஊர்ச் சந்தையைப் பத்தால் பெருக்கிக்கொள், வெண்டைக்காய் சுண்டுவிரல் நகமளவுதான் இருக்கும். அங்கிருந்து வாலென்ஸ் கால்வாய்ப் பாலத்தின் அடிக்கு வா, நான்காம் நூற்றாண்டில் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தது, இன்று அதன் வளைவுகளுக்குள் டவுன் பஸ் போகிறது. பக்கத்திலேயே பெண்கள் சந்தை என்று பேர், ஆனால் விற்பதெல்லாம் ஆண்கள், தென்கிழக்கில் இருக்கிற சீர்த் பக்கத்துத் தேனும் பாலாடைக்கட்டியும். அப்புறம் ஸெய்ரெக், சாய்ந்து நிற்கும் மரவீடுகள், 12-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் இப்போது மசூதி. யுனெஸ்கோ 1985-இலேயே இந்தப் பகுதியைப் பட்டியலில் சேர்த்துவிட்டது, நம் மலை ரயிலுக்கு 2005 வரை ஆயிற்று.

ஸெய்ரெக்கிலிருந்து ஜிபாலிக்கு இறங்கித் தண்ணீரை ஒட்டி நட. ஃபெனரில் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் தலைமைப் பீடம், வெளியே பார்த்தால் இவ்வளவுதானா என்று இருக்கும். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்து, பல்கேரியர்களின் புனித ஸ்டீபன் ஆலயம். முழுக்க இரும்பு. வியன்னாவில் வார்த்துத் துண்டு துண்டாகத் தான்யூப் நதியிலும் கருங்கடலிலும் கொண்டுவந்து பூட்டி, 1898-இல் திறந்தார்கள். நம் ஊட்டியிலும் ஒரு ஸ்டீபன் ஆலயம், அதன் உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து வந்தவை. ஒரே பேர், இரண்டும் வேறு ஊரிலிருந்து சுமந்து வந்த சாமான். காந்தம் கொண்டு போய் அந்த இரும்பு ஆலயத்தின் தூணில் வைத்துப் பார், எல்லோரும் செய்வதுதான். பாலாத்தில் 1492-இல் ஸ்பெயின் துரத்திய யூதர்கள் குடியேறிய தெருக்கள், பிறகு மேலே கரியே என்கிற பழைய தேவாலயம், 14-ஆம் நூற்றாண்டு மொசைக் படங்கள், மியூசியமாக இருந்து 2024-இல் மசூதியாகத் திறந்தார்கள். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் எந்த மசூதிக்கும் வேடிக்கை பார்க்கப் போகாதே. ஏற்றம் செங்குத்துதான், லேம்ப்ஸ் ராக் பக்கம் நடந்த கால் உனக்கு, மூச்சு வாங்காது.

அப்பாவிடம் பேச வேண்டுமென்றால் நான் பேசுகிறேன், 20-ஆம் தேதி வரை இங்கேதான். பெட்டியில் டீத்தூளை அடைக்காதே, அவர்கள் ரிஸெ மலையில் விளைந்த டீயை இரட்டைக் கெண்டியில் பாலில்லாமல் காய்ச்சி ஒரு நாளைக்குப் பத்து தடவை உன் கையில் கொடுப்பார்கள். கறிவேப்பிலையை நிழலில் காயவைத்து எடுத்து வா, இருந்தால் எனக்கும் ஒரு பொட்டலம்.