சிரிப்பு யார் மேல் விழுகிறது?

அன்புள்ள ஐயா,

மெல் புரூக்ஸ் இயக்கிய 'பிளேசிங் சாடில்ஸ்' என்ற அமெரிக்கப் படத்தை நண்பர்களோடு பார்த்தேன். கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல் படம் முழுக்க வருகிறது. இதையா நிறவெறிக்கு எதிரான படம் என்கிறார்கள்? வெறும் சிரிப்புப் படத்துக்கு இத்தனை அர்த்தம் தேட வேண்டுமா?

– வாசகர், மேலூர்

அன்புள்ள தம்பி,

அந்தச் சொல் உங்களுக்குக் கூசியது சரிதான். கூசத்தான் வேண்டும். ஆனால் அதை யார் சொல்கிறார்கள், சொன்னவர்கள் என்ன ஆகிறார்கள் என்றும் பாருங்கள். 1974இல் வந்த அந்தப் படத்தை எழுதிய ஐவரில் ரிச்சர்ட் பிரையரும் ஒருவர். கறுப்பினக் கலைஞர். அந்தச் சொல்லின் வலி தெரிந்தவர்.

படத்தில் ஒரு காட்சி. புதிய ஷெரிப்பை, அதாவது ஊரின் காவல் அதிகாரியை, வரவேற்க ஊரே கூடி நிற்கிறது. வந்தவர் கறுப்பர் என்றதும் துப்பாக்கிகள் உயர்கின்றன. அவர் தன் துப்பாக்கியைத் தன் தலையிலேயே வைத்து, "அசைந்தால் இவனைச் சுட்டுவிடுவேன்" என்று மிரட்டுகிறார். மறுநொடியே நடுங்கும் குரலில் உதவி கேட்டு அழுகிறார். ஊரார் நம்பிவிடுகிறார்கள்! முரட்டுக் கறுப்பன், பரிதாபக் கறுப்பன்: இந்த இருவரைத் தவிர அங்கே நிற்கும் மனிதர் அவர்கள் கண்ணில் படவே இல்லை. அது தெரிந்துதான் அவர் தப்பிக்கிறார்.

பிறகு, அவரைத் தெருவில் திட்டிய மூதாட்டி பலகாரம் கொண்டுவந்து ஜன்னல் வழியாகத் தருகிறார். தான் அவரிடம் வந்து பேசியதை வெளியே சொல்லிவிடக் கூடாது என்கிறார். எனக்கு அங்கே சிரிப்பு நின்றுவிட்டது. பகலில் முகம் கொடுக்காதவர்கள் இருட்டியதும் கொல்லைப்புறம் வந்து உதவி கேட்பதை உசிலம்பட்டிப் பக்கம் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் நன்றி இருந்தது. ஊர் பார்க்காத இடத்தில் மட்டும் இருந்தது.

இனவெறியும் நம்முடைய நிறப் பார்வையும் ஒன்றல்ல. ஆனாலும் சிரிப்பு யார் மேல் விழுகிறது என்ற கேள்வி இரண்டுக்கும் பொது. 2007இல் 'சிவாஜி' வந்தபோது அக்கா மகளோடு மதுரையில் ஒரு தியேட்டரில் பார்த்தேன். அவள் அப்போது பிளஸ் டூ. நல்ல கறுப்பு. இரண்டு பெண்களுக்குக் கறுப்பாக வேஷம் போட்டு, அந்த நிறத்தையே நகைச்சுவையாக்கிய காட்சி வந்தது. அரங்கமே சிரித்தது, நானும் சிரித்தேன். திரும்பினால், வாயருகே கொண்டுபோன முறுக்கை அவள் மடியில் வைத்திருந்தாள். இடைவேளை வரை அதைத் தொடவில்லை.

அந்தப் பாத்திரங்களின் பெயர் அங்கவை, சங்கவை. பாரி மகளிரின் பெயர். 'அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்' என்று தந்தையையும் குன்றையும் இழந்து பாடியவர்களின் பெயர். பாரியின் பறம்பு என்று சொல்லப்படும் பிரான்மலை உங்கள் மேலூரிலிருந்து ஒரு பஸ் பயணம்தான். அந்தக் காட்சியில் நிறவெறி பிடித்த எவரும் தலைகுனியவில்லை. குனிந்தது என் பக்கத்து இருக்கையில் இருந்தவள்.

துப்பாக்கிக் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள் தம்பி. இந்தத் தடவை ஷெரிப்பை விட்டுவிட்டு ஊராரின் முகங்களை மட்டும் பாருங்கள். என்ன தெரிந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து