துருக்கி மொழியில் 'கப்பு' என்றால் கதவு மட்டும்தானா?

இல்லை. கதவு, வாசல் இரண்டுக்கும் அதுதான் சொல். கடைசி உகரத்தை நம் 'பாக்கு' போல இதழ் குவிக்காமல் சொன்னால் உச்சரிப்பு ஏறக்குறைய சரியாகிவிடும்.

பிழைப்பைப் பற்றிய பேச்சில்தான் பொருள் நன்றாக விரிகிறது. சோறு போடும் வேலை 'எக்மெக் கப்புஸு', அதாவது ரொட்டி வாசல். அரசு உத்தியோகம் 'தெவ்லெத் கப்புஸு', அரசின் வாசல். துருக்கியை ஆண்ட உஸ்மானியர் (ஒட்டோமான்) காலத்தில் சுல்தானின் வாசல் என்றாலே அரசாங்கம். சுல்தானின் காலாட்படையான ஜானிசரிப் படையினரும் 'கப்புக்குலு', வாசலடிமைகள்தான்.

வாட்டசாட்டமான ஆள் 'கப்பு கிபி', கதவு போன்றவர். எவராலும் மறுக்க முடியாத பத்திரத்துக்கும் இதே உவமை. எனக்கு மிகவும் பிடித்தது இது: குளிர்காலம் நெருங்கினால் அது 'கதவருகே' நிற்கிறது என்பார்கள். பகடை உருட்டிக் காய் நகர்த்தும் தாவ்லா (பேக்காமன்) ஆட்டத்தில் ஒரே கட்டத்தில் இரண்டு காய்களை வைத்து எதிராளியை மறித்தால், அதுவும் 'கப்பு'.