இரு பக்கமும் ஒரே கோடெக்: இணைய அழைப்பு கேள்வி பதில்

கேள்வி: அழைப்புகளை இணைக்கும் ஆஸ்டரிஸ்க் மென்பொருள் ஓடும் எங்கள் சர்வரில் மேசைத் தொலைபேசிகள் ஜி.729 கோடெக்கிலும், வெளியே செல்லும் சிப் டிரங்க் (வெளி எண்களுக்கு இணையம் வழியாக அழைக்கும் இணைப்பு) ஏ-லா கோடெக்கிலும் இயங்குகின்றன. முப்பது அழைப்புகள் சேர்ந்ததும் குரல் விட்டு விட்டு வருகிறது. பெரிய சர்வர் வாங்க வேண்டுமா?

பதில்: வாங்குவதற்கு முன் தொலைபேசிகளின் அமைப்பைப் பாருங்கள். கோடெக் என்பது குரலை எண்களாக்கி அனுப்பி, மறுமுனையில் மீண்டும் குரலாக்கும் முறை. ஜி.711 வகையைச் சேர்ந்த ஏ-லா, நொடிக்கு 8,000 மாதிரிகளை எட்டெட்டு பிட்டாக அனுப்புகிறது, ஜி.729-ஓ பேச்சை 10 மில்லிநொடித் துண்டுகளாக்கி, கடும் கணக்குப் போட்டு நொடிக்கு 8 கிலோபிட்டில் அடக்குகிறது. இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில், ஒவ்வொரு அழைப்பிலும் ஒரு திசையில் விரிப்பதையும் மறு திசையில் சுருக்குவதையும் உங்கள் சர்வர்தான் செய்கிறது. இரு பக்கமும் ஏ-லாவானால் பாக்கெட்டை வாங்கிக் கைமாற்றினால் போதும்.

ஓர் அழைப்பு நடக்கும்போதே கன்சோலில் 'கோர் ஷோ சேனல்' என்று, சேனலின் பெயரையும் சேர்த்துத் தட்டுங்கள். ரீட் டிரான்ஸ்கோட், ரைட் டிரான்ஸ்கோட் என்னும் வரிகளில் 'யெஸ்' (ஆம்) என்று வந்தால் மாற்றம் நடக்கிறது. பிறகு 'அலவ்' வரியில் முதலில் எல்லா கோடெக்குகளையும் விலக்கிவிட்டு, டிரங்க் ஏற்பதை மட்டும் எழுதுங்கள். எல்லாவற்றையும் அனுமதித்து வைக்காதீர்கள். தேவையற்ற மாற்றங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியில்தான் தொடங்குகின்றன.

கேள்வி: இணைப்பு வேகத்தில் எட்டில் ஒரு பங்கிலேயே முடிகிற ஜி.729-ஐக் கைவிடச் சொல்வது சரியா?

பதில்: எட்டில் ஒரு பங்கு என்பது தலைப்புகளை (ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னும் சேரும் முகவரித் தகவல்களை) சேர்க்காத கணக்கு. 20 மில்லிநொடிப் பாக்கெட் ஒன்றில் ஏ-லா 160 பைட், ஜி.729 20 பைட். இரண்டுக்கும் ஐபி, யுடிபி, ஆர்டிபி தலைப்புகள் 40 பைட். ஆகவே ஒரு திசையில் 80 கிலோபிட்டும் 24 கிலோபிட்டும் ஆகின்றன; மிச்சம் உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை.

கேள்வி (அதே நேயர்): எங்கள் கிளையின் இணைப்பே 2 மெகாபிட்தான், ஐயா. முப்பது பேர் பேசுகிறோம்.

பதில்: அப்படியானால் நீங்கள் சொல்வதே சரி, ஏ-லாவில் 2.4 மெகாபிட் ஆகிவிடும். ஜி.729-ஐயே வைத்துக்கொண்டு, டிரங்க் தருபவரிடமும் அதையே கேளுங்கள். அதன் காப்புரிமைக் காலம் 2017-லேயே முடிந்துவிட்டதால் உரிமத் தொகை குறுக்கே நிற்காது. செல்பேசியிலிருந்து வரும் குரல் ஏற்கெனவே ஒருமுறை சுருக்கப்பட்டது. நடுவழியில் மறுபடியும் மறுபடியும் சுருக்கினால் மெய்யெழுத்துகள் மங்கிவிடும். எண்களை அழுத்தும் ஒலியையும் குரலோடு கலந்து அனுப்பாமல், ஆர்எஃப்சி 4733 முறையில் தனியாக அனுப்புங்கள்.

கேள்வி: 2012-லேயே தரமாகிவிட்ட ஓபஸ் என்னும் கோடெக்கை எங்கும் வைத்துவிடலாமா?

பதில்: இணையத்திலேயே முடியும் அழைப்புகளுக்குத் தாராளமாக வைக்கலாம். ஏ-லா டிரங்க்கில் வெளியேறும் அழைப்பில், ஓபஸ் தரும் அகன்ற (கூடுதல் துல்லியமான) குரல் அங்கேயே குறுகிவிடும். மாற்றும் சுமை மட்டும் உங்களிடம் தங்கும்.

கேள்வி: கோடெக் ஒன்றாகவே இருந்தும் ஒலிப்பதிவின்போது சிபியு ஏறுகிறதே?

பதில்: இரு குரலையும் ஒரே கோப்பில் கலப்பதற்கு விரித்தே ஆக வேண்டும், கான்ஃபரன்சிலும் அப்படியே. ஏ-லாவை விரிப்பது அட்டவணையைப் பார்ப்பது போன்ற எளிய வேலை என்பதால் அதில் சுமை குறைவு.

கேள்வி: எங்கள் சர்வரிலும் குரல் உடைகிறது. என்ன செய்யலாம்?

பதில்: இதே கேள்வி மூன்றாம் முறையாக வருகிறது. முதல் பதிலில் உள்ள கட்டளையை இயக்கி, டிரான்ஸ்கோட் வரிகள் இரண்டையும் அப்படியே எழுதி அனுப்புங்கள். எல்லாவற்றையும் அனுமதித்திருந்தால் அதை முதலில் திருத்துங்கள்.