கேளுங்க சொல்றேன்: சின்ன பி-யும் பெரிய பி-யும்

கேள்வி: அண்ணா, வீட்டுக்கு புதுசா 100 எம்பிபிஎஸ் ஃபைபர் போட்டிருக்கோம். காவடி வீடியோ டவுன்லோட் போட்டா செகண்டுக்கு 11 எம்பிக்கு மேல ஏறவே மாட்டேங்குது. கம்பெனிக்காரன் ஏமாத்துறான்னு வீட்டுக்காரர் கத்துறாரு, ரவுட்டர் கோளாறுன்னு மகன் சொல்றான். யாரு சொல்றது சரி? (வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

ரெண்டு பேரும் தப்புக்கா. உங்க லைன் நல்லாவே ஓடுது.

எம்பிபிஎஸ்னா டாக்டருக்கு படிக்கிற எம்பிபிஎஸ் இல்ல, செகண்டுக்கு எத்தன மெகாபிட்னு அர்த்தம். பிட்னா கம்ப்யூட்டர் கணக்குல இருக்கிறதுலயே சின்ன அளவு. நெட்வொர்க்காரங்க வேகத்த எப்பவும் பிட்ல தான் சொல்லுவாங்க, இங்கிலீஷ்ல எழுதும்போது அதுக்கு சின்ன பி (b). டவுன்லோட் ஜன்னல்ல வர்ற எம்பி மெகாபைட், அதுக்கு பெரிய பி (B). எட்டு பிட் சேந்தா ஒரு பைட். எங்க ஆயா அரிசி அளக்கும்போது எட்டு ஆழாக்கு ஒரு படின்னு சொல்லும், அதே கணக்கு தான், கம்பெனிக்காரன் ஆழாக்குல சொல்றான் கம்ப்யூட்டர் படியில காட்டுது. 100-அ எட்டால வகுத்தா 12.5.

அப்போ மிச்சம் ஒன்றர எங்க போச்சுன்னு கேப்பீங்க. நெட்ல வர்ற ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மேல அட்ரஸ் ஒட்டி தான் அனுப்பணும், அந்த அட்ரஸும் அதே லைன்ல தான் வரணும், அதுக்கு ஒரு 5 சதவீதம் போயிரும், அப்புறம் பல கம்ப்யூட்டருங்க மெகாபைட்ட 1000-க்கு பதிலா 1024 கணக்குல எண்ணும் அதுல இன்னொரு 5 சதவீதம் கொறஞ்சு தெரியும், ஆக மொத்தம் 11.3 வந்தாலே முழு வேகம். நானும் இது தெரியாம ஒரு நாள் கால் சென்டர் பொண்ணுகிட்ட அர மணி நேரம் சண்ட போட்டேன், கடைசியில அந்த பொண்ணு மெதுவா "எட்டால வகுத்து பாருங்க சார்"னுச்சு, போன வச்சுட்டேன்.

கேள்வி: 1 டிபி போர்ட்டபிள் டிரைவ் வாங்கினேன், சொருகினா 931 ஜிபி தான் காட்டுது. 69 ஜிபி எங்கண்ணே? (வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன்)

எங்கயும் போகல தம்பி. டிரைவ் செய்றவங்க 1000 கணக்கு, அதாவது ஒரு டெராபைட்னா ஒன்னுக்கு பின்னாடி 12 சைபர் போட்ட அளவு பைட். விண்டோஸ் அத 1024-ஆல மூணு தடவ வகுத்து 931-ன்னு காட்டிட்டு பக்கத்துல ஜிபின்னு எழுதிருது. உண்மையில அதுக்கு பேரு ஜிபிபைட் (gibibyte), 1998-லயே தனி பேரு வச்சாச்சு, ஆனா யாரும் கூப்பிடுறதில்ல. அதே டிரைவ மேக்ல சொருகி பாருங்க, அவங்க 2009-ல 1000 கணக்குக்கு மாறிட்டதால முழுசா 1 டிபி காட்டும். படி ஊருக்கு ஊரு மாறுன மாதிரி தான், அரிசி கொறையல.

கேள்வி: தங்கச்சி கல்யாண வீடியோ 200 ஜிபி இருக்கு, ஜோபர்க்ல (ஜோகன்னஸ்பர்க்) இருக்கிற அண்ணனுக்கு அனுப்பணும். எங்க அப்லோட் 25 எம்பிபிஎஸ் தான். நெட்ல அனுப்பலாமா, இல்ல சனிக்கிழம கார்ல போற மாமாகிட்ட குடுத்து விடலாமா? (வாசகர், டொங்காட், டர்பன் பக்கம்)

இது தான் எனக்கு புடிச்ச கேள்வி. 200 ஜிபின்னா 1600 ஜிகாபிட், அதாவது 16 லட்சம் மெகாபிட். 25-ஆல வகுத்தா 64,000 செகண்ட், கிட்டத்தட்ட 17 மணி 46 நிமிஷம், அதுவும் நடுவுல கரண்ட் போகாம இருந்தா. மாமா என்3 ஹைவேயில போனா ஆறு மணி நேரம்னு வைங்க. சாதாரண ஹார்ட் டிரைவ் செகண்டுக்கு 100 மெகாபைட் எழுதும், அதனால இங்க ஏத்த அர மணி, அங்க எறக்க அர மணி, ஏழு மணி நேரத்துல வேல முடிஞ்சுரும். கணக்கு போட்டா மாமா காரு 63 எம்பிபிஎஸ் லைனுக்கு சமம். மாமாகிட்ட சொல்லாதீங்க, பெட்ரோல் காசு கேப்பாரு.

இந்த கூத்து நம்ம ஊர்ல 2009-லயே நடந்துச்சு, ஞாபகம் இருக்கா? வின்ஸ்டன்னு ஒரு புறா, 11 மாசம் தான் வயசு, கால்ல 4 ஜிபி மெமரி கார்ட கட்டி பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்துல இருந்து டர்பனுக்கு பறக்க விட்டாங்க. பறக்க 1 மணி 8 நிமிஷம், கார்ட கம்ப்யூட்டர்ல ஏத்துறதோட சேத்து 2 மணி 7 நிமிஷம். அதே நேரத்துல ஏடிஎஸ்எல்னு போன் கம்பியில வர்ற நெட் லைன்ல போனது வெறும் 4 சதவீதம்! நான் உக்காந்து வகுத்து பாத்தேன், புறா 4.2 எம்பிபிஎஸ், லைன் 0.17 தான், அதாவது செகண்டுக்கு 21 கிலோபைட். இன்னைக்கு உங்க 25-அ அந்த புறாவால தொட முடியாது, ஆனா கால்ல கட்டுற கார்டு 1 டிபின்னு வச்சா திரும்பவும் புறா தான் ஜெயிக்கும். லைன் வேகம் ஏற ஏற கார்டும் பெருசாகிட்டே வருதே.

ஒன்னு மட்டும், டிரைவ யுஎஸ்பி 2 கேபிள்ல சொருகிராதீங்க. அதுல 480 எம்பிபிஎஸ்னு போட்டிருக்கும், எட்டால வகுத்தா 60 வரணும், நெசத்துல 35 வந்தா பெருசு, அர மணி வேல ஒன்றர மணி ஆகும். நீலக் கலர் துளையில சொருகுங்க, அது பெரும்பாலும் வேகமான யுஎஸ்பி 3. அப்புறம் மாமா கெளம்புற வரைக்கும் வீட்டு கம்ப்யூட்டர்ல இருக்கிற வீடியோவ அழிக்காதீங்க, ஏன் அவரு போய் சேந்து அண்ணன் தெறந்து பாத்துட்டு போன் பண்ற வரைக்கும் அழிக்காதீங்க.