பத்து டன் தாங்கும் ஜாயின்ட், பன்னிரண்டு மி.மீ. போல்ட்

கேள்வி: சொந்தமாக ஓர் ஆஃப்-ரோடு வாகனம் கட்டிக்கொண்டிருக்கிறேன். எடை சுமார் 2 டன், 35 அங்குல டயர், பின்பக்கம் முழு அச்சு, அதைச் சேஸிஸோடு (வண்டியின் சட்டத்தோடு) இணைக்க மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு லிங்க் குழாய்கள். எட்டு முனைகளுக்கும் ஒரே மாதிரியான ‘ஹெவி டியூட்டி’ ராட் எண்ட் (மரையுள்ள தண்டின் தலையில் உலோகப் பந்து திரும்பும் ஜாயின்ட்) தொகுப்பாகக் கிடைக்கிறது. ஒவ்வொன்றும் பத்து டன் தாங்கும் என்கிறார் விற்பவர். வாங்கிவிடலாமா?

பதில்: அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். நல்ல குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த) எஃகில் செய்த முக்கால் அங்குல ராட் எண்ட், பட்டியலில் பத்து டன்னைத் தாண்டுவது உண்டு. ஆனால் அந்த எண் எந்தத் திசைக்கு உரியது என்று கேளுங்கள். தண்டின் நீள்வாக்கில், அசையாமல், நேராக இழுத்தாலோ அமுக்கினாலோ தாங்கும் அளவு அது. பந்தைப் பக்கவாட்டில், போல்ட்டின் திசையில் தள்ளினால் தாங்கும் அளவு அதில் ஒரு சிறு பங்குதான். தண்டை வளைத்தால் என்ன ஆகும் என்பது பெரும்பாலான பட்டியல்களில் இருப்பதே இல்லை. காட்டில் உடைந்து வருபவை பெரும்பாலும் வளைந்துதான் உடைந்திருக்கின்றன. லாக் நட்டுக்கு (தண்டை லிங்க் குழாயோடு இறுக்கிப் பூட்டும் நட்டுக்கு) வெளியே தெரியும் முதல் மரையில், கத்தியால் வெட்டியதுபோல.

முதலில் உங்கள் வண்டிக்கு எவ்வளவு தேவை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். செங்குத்தான ஏற்றத்தில் வண்டி மூக்கைத் தூக்கி நிற்கிறது; ஏறத்தாழ முழு எடையும் பின் சக்கரங்களில். டயர் நன்றாகப் பிடித்தால் தரையில் கிடைக்கும் உந்துவிசை சுமார் 2 டன். டயரின் ஆரம் 44 செ.மீ. கீழ் லிங்க் அச்சின் மைய உயரத்திலும், மேல் லிங்க் அதற்கு 20 செ.மீ. மேலேயும் பூட்டப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். தரையில் விழும் அந்த 2 டன், அச்சைப் பிடித்துத் திருப்பப் பார்க்கும். அதைத் தடுக்க மேல் லிங்க்குகள் 2×44÷20, அதாவது 4.4 டன் இழுத்துப் பிடிக்க வேண்டும். கீழ் லிங்க்குகளோ இரண்டையும் சேர்த்து, 6.4 டன் அமுக்கத்தைத் தாங்க வேண்டும். இரண்டு கீழ் லிங்க்குகளுக்கும் பகிர்ந்தால் தலைக்கு 3.2 டன். மேல் லிங்க்குகள் முக்கோணமாகச் சாய்ந்திருந்தால் அவற்றின் பங்கு இன்னும் கொஞ்சம் கூடும்.

இது மெதுவாக ஏறும்போது உள்ள கணக்கு. சக்கரம் காற்றில் சுழன்றபடி கல்லில் விழுந்து பிடிக்கும்போது இதைவிட அதிகமான விசை ஒரு நொடியில் வந்துபோகும். இருந்தாலும் பத்து டன் ஜாயின்ட்டுக்கு இழுவிசையில் பெரிய நெருக்கடி இல்லை. அப்படியானால் பிரச்சினை எங்கே? வளைவிலும் கோணத்திலும்தான்.

வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் லிங்க் கல்லின் மேல் உட்காரும். வண்டியின் எடை லிங்க்கின் நடுவில் விழும். அதனால் கீழ் லிங்க்கின் முனைகளில் தண்டு தடிமனான ஜாயின்ட் வேண்டும். தண்டு 1¼ அங்குலமும் துளை 1 அங்குலமுமாக வருகிறவை இதற்காகவே செய்யப்படுகின்றன. கீழே அதை வாங்குங்கள், மேலே ஓரளவு சிறியது போதும். லிங்க் குழாயின் நீளத்தைச் சரியாக வெட்டி, மரை வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் குறைப்பதற்குச் செலவே கிடையாது. பலரும் செய்யாமல் விடுவது அதைத்தான். உள்ளே இறங்கியிருக்கும் மரை, தண்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். ஷாக் அப்சார்பரை லிங்க்கின் மேலேயே பூட்டும் எண்ணம் இருந்தால் ராட் எண்ட்டை மறந்துவிடுங்கள். அங்கே ஒவ்வொரு குலுக்கலும் தண்டை வளைக்கும்.

ஓர் எச்சரிக்கை: மேலே சிறியது போதும் என்றது நான்கு லிங்க்குக்கு. மூன்று லிங்க் அமைப்பில் மேலே இருப்பது ஒன்றே ஒன்று. அந்த 4.4 டன்னும் அதன் தலையில். கீழ் ஜாயின்ட் ஒவ்வொன்றையும்விட அதிகச் சுமை வாங்குவது அதுதான்.

இனி கோணம். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் ஒரு சக்கரத்தை முழுவதும் தூக்கி, மறு சக்கரத்தை முழுவதும் தொங்கவிட்டு, எட்டு முனைகளிலும் எத்தனை டிகிரி திரும்புகிறது என்று அளந்து எழுதுங்கள். கைபேசியில் உள்ள கோணமானியே போதும். இதைச் செய்யாமல் ஜாயின்ட் வாங்குவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவதுதான். விற்பவர் சொல்லும் ‘30 டிகிரி’ ஒரு பக்கத்துக்கா, இரண்டு பக்கமும் சேர்த்தா என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டும் சேர்த்து என்றால் உங்களுக்குக் கிடைப்பது பக்கத்துக்குப் பதினைந்து. கோணம் தீர்ந்துபோன ஜாயின்ட் அசையாது. அது கடப்பாரையாக மாறி பிராக்கெட்டை நெம்பத் தொடங்கும்.

ஆகவே எட்டும் ஒன்றே என்ற தொகுப்பு உங்களுக்கு வேண்டாம். வண்டி சாலையிலும் ஓடும் என்றால் என் தேர்வு இது: சேஸிஸ் பக்கம் நல்ல ரப்பர் புஷ் (போல்ட்டைச் சுற்றி அமையும் ரப்பர் உருளை), அச்சுப் பக்கம் பிரித்துச் சரிசெய்யக்கூடிய ஃபிளெக்ஸ் ஜாயின்ட். ஜானி ஜாயின்ட் என்ற வணிகப் பெயரால் பலரும் அறிந்த வகை அது: உலோகப் பந்து, இருபுறமும் பிளாஸ்டிக் கிண்ணம், சர்க்லிப், கிரீஸ் நிப்பிள். இரு முனையிலும் புஷ் போடாதீர்கள்; அச்சு முறுக்கும்போது போக வழியில்லாமல் பிராக்கெட்டின் வெல்டிங் கிழியும். பாலியூரித்தேன் புஷ் என்றால் இன்னும் சீக்கிரம் கிழியும். இரு முனையிலும் பந்து போட்டால் வேறொன்று கவனிக்க வேண்டும்: லிங்க் நேராக இல்லாமல் வளைத்துச் செய்யப்பட்டிருந்தால், அது தன்னிச்சையாகப் புரண்டு தொங்கும். வளைந்த லிங்க்குக்கு ஒரு முனையில் புஷ் கட்டாயம்.

கேள்வி: முக்கால் அங்குல ராட் எண்ட்டும் பந்தின் துளையில் இருபுறமும் செருகும், அரை அங்குலத் துளையுள்ள கூம்பு ஸ்பேசர்களும் வந்திருக்கின்றன. கையில் இருக்கும் 12 மி.மீ. போல்ட் உள்ளே எளிதாகப் போகிறது. அதையே பயன்படுத்தலாமா?

பதில்: எளிதாகப் போகிறது என்பதே பதில். அரை அங்குலம் 12.7 மி.மீ. உங்கள் போல்ட் அதற்குள் 0.7 மி.மீ. ஆடும். முதல் நாள் கேட்காத சத்தம் பத்தாம் நாள் கேட்கும். பிறகு பிராக்கெட்டின் துளை முட்டை வடிவமாகும். பிறகு புதிய ஜாயின்ட் வாங்கினாலும் சத்தம் போகாது. அங்குலத்தையும் மில்லிமீட்டரையும் கலப்பதால் வரும் தொல்லை இது ஒன்றல்ல. ஐந்தெட்டு அங்குலத் துளை 15.88 மி.மீ.; அதில் 16 மி.மீ. போல்ட் நுழையாது. உடனே யாராவது துளைப்பானை எடுப்பார். பந்தின் துளையைத் துளைப்பானால் பெரிதாக்குபவரிடம் வண்டியை விட்டுவைக்காதீர்கள்.

ஸ்பேசரைப் பற்றி விற்பவர் ‘கோணம் கூடும்’ என்று மட்டும் சொல்லியிருப்பார். கூடும், மறுப்பதற்கில்லை. ஆனால் முக்கால் அங்குலப் போல்ட் போகும் இடத்தில் அரை அங்குலப் போல்ட் போகிறது; அதன் குறுக்குப் பரப்பு பாதிக்கும் கீழே. பத்து டன் ஜாயின்ட் வாங்கி அதை மெல்லிய போல்ட்டில் தொங்கவிடுவதில் என்ன லாபம்? அளந்த கோணம் அனுமதித்தால் ஐந்தெட்டு அங்குல ஸ்பேசர் வாங்குங்கள். அதுவும் போதாவிட்டால் ஒரு அளவு பெரிய ஜாயின்ட்டுக்குப் போங்கள்.

போல்ட் 10.9 தரம் இருக்கட்டும். அங்குல அளவில் எட்டாம் தரம். நீளத்தைப் பார்த்து வாங்குங்கள்: பிராக்கெட்டின் தகடுகளில் உட்காருவது மரையில்லாத வழவழப்பான பகுதியாக இருக்க வேண்டும். ஜாயின்ட்டின் தலைக்கு இருபுறமும் தகடு தாங்கும் பிராக்கெட்தான் லிங்க்குக்கு. ஒருபுறம் மட்டும் பிடித்து மறுபுறம் காற்றில் நிற்கும் போல்ட் வேண்டவே வேண்டாம். நட்டை முழு முறுக்கில் இறுக்குங்கள். தகடுகள் ஸ்பேசரை இறுகக் கவ்வ வேண்டும். பந்து தன் கிண்ணத்துக்குள் திரும்ப வேண்டுமே தவிர, போல்ட்டின் மேல் சுழலக்கூடாது.

கேள்வி: ராட் எண்ட் பூட்டி இரண்டு மாதத்தில் ‘டொக் டொக்’ என்கிறது. வாரம் ஒருமுறை கிரீஸ் தடவியும் பயனில்லை. பொருள் மட்டமா?

பதில்: உங்களுடையது டெஃப்லான் உறையுள்ள வகையா? அப்படியானால் கிரீஸ்தான் குற்றவாளியாக இருக்கக்கூடும். அந்த உறைக்கு மசகு தேவையில்லை. கிரீஸ் மணலைப் பிடித்துவைக்கும்; மணலும் கிரீஸும் சேர்ந்தால் அரவைப் பசை. துடைத்துச் சுத்தமாக வைத்திருங்கள், முடிந்தால் ரப்பர் உறை மாட்டுங்கள். உலோகத்தோடு உலோகம் உரசும் மலிவு வகையென்றால் மசகு வேண்டும். அதுவும் தினமும் சேற்றில் ஓடும் வண்டியில் நெடுநாள் வராது. பணம் கேட்டுச் சண்டை போடும் முன் லாக் நட்டைத் தொட்டுப் பாருங்கள். என்னிடம் வந்த இத்தகைய புகார்களில் பல, ஒரு ஸ்பேனர் திருப்பலில் அடங்கிவிட்டன.

கேள்வி: முன்பக்கம் தனித்தனியாக இயங்கும் சஸ்பென்ஷன். இரண்டு அங்குலம் உயர்த்தியிருக்கிறேன். சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் மேல் கண்ட்ரோல் ஆர்முக்கு யூனிபால் போடச் சொல்கிறார்கள் நண்பர்கள். வண்டியில்தான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

பதில்: நண்பர்கள் தினமும் உங்கள் வண்டியில் வேலைக்குப் போவதில்லை. யூனிபால் என்பது ஒரு கிண்ணத்தில் அழுத்திப் பொருத்திய பெரிய கோள வடிவ பேரிங். பாலைவனப் பந்தய வண்டிகளில் சக்கரம் மிக நீண்ட தூரம் ஏறி இறங்குவதால் அந்தக் கோணம் அங்கே தேவை. பெரும்பாலும் அதற்கு உறை கிடையாது. தூசியும் மழைநீரும் நேரே உள்ளே போகும். இரண்டு அங்குல உயர்த்தலுக்கு, கூடுதல் கோணம் திரும்பும்படி அமைத்த, மூடிய பால் ஜாயின்ட் உள்ள ஆர்ம் போதும். வாங்கும்போது ஒரே கேள்வி: பால் ஜாயின்ட் மட்டும் தனியாகக் கிடைக்குமா, அல்லது தேய்ந்தால் ஆர்மையே மாற்ற வேண்டுமா?

எல்லாரும் பளபளக்கும் மேல் ஆர்மையே பார்க்கிறார்கள். ஸ்பிரிங் கீழ் ஆர்மில் உட்கார்ந்திருந்தால் வண்டியின் எடையைச் சுமப்பது கீழ் பால் ஜாயின்ட். அது கழன்றால் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். அதைச் சோதிக்க, கீழ் ஆர்மின் அடியில், பால் ஜாயின்ட்டுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அங்கே ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்குங்கள். அப்போதுதான் சுமை விலகி ஆட்டம் தெரியும். சேஸிஸைத் தூக்கிச் சோதித்தால் ஸ்பிரிங் ஜாயின்ட்டை இழுத்துப் பிடித்திருக்கும். தேய்ந்ததும் நல்லதுபோல நிற்கும்.

கேள்வி: வெல்டிங் செய்து பொருத்தும் ஃபிளெக்ஸ் ஜாயின்ட் இரண்டில் பந்து இறுகிப்போனது. உத்தரவாதத்தில் மாற்ற மறுக்கிறார்கள்.

பதில்: உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கழற்றாமல் வெல்டிங் செய்தீர்கள் என்றால், மறுப்பது நியாயம்தான். வெளிக்கூட்டை மட்டும் பற்றவைத்து, ஆறவிட்டு, பிறகே உள்பாகங்களைப் போட வேண்டும். ஒரே மூச்சில் சுற்றிப் பற்றவைத்தால் கூடு கோணலாகும். விட்டுவிட்டு, எதிரெதிர்ப் பக்கமாகச் செய்ய வேண்டும். இந்தக் குறிப்பு பெட்டியில் இல்லாமல் விற்றிருந்தால் அதைச் சொல்லி வாதாடுங்கள். எப்படியும் கூடு சரியாக இருந்தால் உள்பாகங்கள் மட்டும் வாங்கிப் போடலாம். அவை தனியாக விற்கப்படாத ஜாயின்ட்டை ‘பிரித்துச் சரிசெய்யக்கூடியது’ என்று விற்பதில் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு.

கேள்வி: ஸ்டீயரிங் கம்பிக்கும் ராட் எண்ட் போடலாமா?

பதில்: இயந்திர ரீதியாக முடியும்; போட்டி வண்டிகளில் போடுகிறார்கள். பொதுச் சாலைக்குப் பல இடங்களில் விதி தடுக்கிறது, அல்லது பொறியாளர் சான்று கேட்கிறது. வாகனப் பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டு, எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். என்னைக் கேட்டால், சாலை வண்டிக்கு உறையுள்ள கனரக டை ராட் எண்ட் போதும்.

கேள்வி: பார்சல் வந்ததும் என்ன பார்க்க வேண்டும்? நீண்ட பயணத்துக்கு உதிரியாக எதை எடுத்துப்போவது?

பதில்: பந்தை விரலால் திருப்புங்கள். டெஃப்லான் உறையுள்ளது விறைப்பாக இருக்க வேண்டும். ஒரு முறை எனக்கு வந்த எட்டில் இரண்டு பந்துகள் கிலுகிலுப்பைபோல ஆடின. ‘ஓடினால் செட் ஆகிவிடும்’ என்று பதில் வந்தது. தளர்ந்த ஜாயின்ட் ஓடி இறுகியதை நான் கண்டதில்லை, திருப்பி அனுப்பினேன். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. சாதா எஃகிலும் ஒட்டும், குரோமோலியிலும் ஒட்டும். ஒரே அளவில் இவை இரண்டின் வலிமை ஏறத்தாழ இரு மடங்கு வேறுபடலாம் என்பதால் தயாரிப்பாளரின் பெயரும் பாக எண்ணும் உடலில் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

உதிரியாகக் கீழ் லிங்க்கின் அளவில் வலமரை ஒன்று, இடமரை ஒன்று, ஒரு ஜோடி ஸ்பேசர், இரண்டு போல்ட். லாக் நட்டுகளையும் சேர்த்து எடுத்துவையுங்கள். வலமரை நட் எங்கேயாவது கிடைத்துவிடும். 1¼ அங்குல இடமரை நட்டை வழியில் எந்தக் கடையிலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.