கடிக்கிற பிள்ளையை முன்பள்ளியிலிருந்து நிறுத்தி வைத்தால் திருந்துமா?

நான்கு வயது மகன் மற்றப் பிள்ளைகளைக் கடிப்பதால் இரண்டு வாரம் வீட்டில் வைத்திருக்கச் சொல்கிறார்கள், இது சரியா என்று வெள்ளவத்தையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு வாரம் வீட்டில் இருப்பதை, கடித்ததோடு சேர்த்துப் பார்ப்பது அந்த வயதில் கஷ்டம். கடித்தால் வீட்டுக்குப் போகலாம் என்று வேண்டுமானால் பிடித்துக்கொள்வான்!

எப்போது கடிக்கிறான் என்று டீச்சரைக் கொஞ்ச நாள் குறித்து வைக்கச் சொல்லுங்கள். விளையாட்டுச் சாமானுக்காகவா, பசி நேரத்திலா, வரிசையில் நெருக்கும்போதா? கொழும்பில் இன்னொன்றும் உண்டு. வீட்டில் தமிழ் மட்டும் பேசிய பிள்ளை ஆங்கில முன்பள்ளிக்குப் போனால், 'அது என்னுடையது, தா' என்று சொல்ல வார்த்தை இருக்காது, பல்தான் பேசும். அந்த மாதிரி நாலைந்து ஆங்கில வசனங்களை வீட்டிலேயே பழக்கிவிடுங்கள்.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் வோல்டர் கில்லியம் 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, அரசு நிதி பெறும் முன்பள்ளிகளில் பிள்ளைகளை நீக்கும் வீதம் பாடசாலைகளைவிட மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் டீச்சர்களுக்கு உளநல ஆலோசகரின் உதவி கிடைத்த வகுப்புகளில் அது குறைவு.

உங்கள் முன்பள்ளியில் அப்படி ஆளில்லை என்றால் பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் விசாரியுங்கள். பேச்சும் பிந்தியிருந்தால் காதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.