கட்டியதைக் காக்கும் பணி: மகளின் விருப்பம் குறித்துக் கேட்ட தாய்க்கு

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

சிவில் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் உங்கள் மகள், கட்டுமான நிறுவனத்திலோ மென்பொருள் நிறுவனத்திலோ சேர விரும்பவில்லை என்றும், சாலை, பாலம், குடிநீர்க் குழாய், பொதுக் கட்டடம் போன்ற உள்கட்டமைப்புச் சொத்துகளை அரசுகள் செம்மையாக நிர்வகிக்க உதவும் ஆலோசகராக வேண்டும் என்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு துறை உண்மையிலேயே இருக்கிறதா, அதை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கிறீர்கள். துறை இருக்கிறது, வேலையும் இருக்கிறது. ஆனால் முதுகலை முடித்தவுடன் நேராக ஆலோசனை நிறுவனத்தில் சேர்வது என்று அவர் வகுத்திருக்கும் வழியில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஒரு பாலத்தைக் கட்டி முடிக்கச் சில ஆண்டுகள் போதும். அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு அதைக் காத்து வர வேண்டும். நம்மிடம் என்னென்ன சொத்துகள் உள்ளன, அவை எங்கே, எந்த நிலையில் இருக்கின்றன, எது பழுதானால் யாருக்குப் பாதிப்பு, எந்த ஆண்டில் எவ்வளவு பணம் தேவைப்படும் என்ற எளிய கேள்விகளுக்குப் பல அரசு அமைப்புகளிடம் முழுமையான விடை இருப்பதில்லை. பொறியியல் பிரிவு ஒரு பட்டியலையும் கணக்குப் பிரிவு வேறொரு பட்டியலையும் வைத்திருக்கும்; இரண்டும் ஒத்துப்போவதில்லை. நிலத்தடிக் குழாய் எந்த வழியாகச் செல்கிறது என்பது ஓய்வுபெறப் போகும் ஓர் ஊழியருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். இந்த விடைகளைத் தேடித் தொகுத்து, அவற்றை வரவுசெலவுத் திட்டத்தோடு இணைப்பதே சொத்து மேலாண்மை.

பராமரிப்பை ஏன் தள்ளிப்போடுகிறார்கள் என்பதை உங்கள் மகள் ஆழமாகப் புரிந்துகொள்ள வேண்டும். புதிதாகக் கட்டுவதற்கான மூலதன நிதியும் பராமரிப்புக்கான ஆண்டுச் செலவும் பெரும்பாலும் தனித்தனிக் கணக்குகளில் இருக்கின்றன. நிதி நெருக்கடி வந்தால் முதலில் குறைக்கப்படுவது பராமரிப்புச் செலவுதான், ஏனென்றால் அதன் விளைவு அந்த ஆண்டிலேயே வெளியே தெரிவதில்லை. ஆப்பிரிக்க நாடுகளில் உரிய காலத்தில் 1,200 கோடி டாலர் செலவிட்டுச் சாலைகளைப் பராமரித்திருந்தால், 4,500 கோடி டாலர் மறுகட்டுமானச் செலவைத் தவிர்த்திருக்கலாம் என்று உலக வங்கி 1994-ஆம் ஆண்டு வெளியிட்ட உலக வளர்ச்சி அறிக்கை குறிப்பிட்டது. ஒரு சாலை தொடக்கத்தில் மெதுவாகவே தேயும். மேற்பரப்பின் வெடிப்புகளை அடைக்காமல் விட்டால் நீர் அடித்தளத்துக்குள் இறங்கிவிடும். அதன் பிறகு சீரழிவு விரைவாகிறது, இறுதியில் சாலையைத் தோண்டி எடுத்துப் புதிதாகப் போடுவதைத் தவிர வேறு வழியிருக்காது. ஆகவே, இருப்பதிலேயே மோசமான சாலைக்கு எல்லாப் பணத்தையும் கொடுப்பது நியாயமாகத் தோன்றினாலும், அதற்குள் ஓரளவு நல்ல நிலையில் இருக்கும் சாலைகளும் கைவிட்டுப் போய்விடும். அவற்றைக் குறைந்த செலவில் காப்பாற்ற ஒரு பங்கை முதலில் ஒதுக்க வேண்டும் என்று, மோசமான சாலையில் வசிக்கும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரிடம் பொறுமையாக விளக்குவதே இந்தத் துறையில் மிகக் கடினமான பணி என்று நான் கருதுகிறேன். அதற்குக் கணக்கீடும் தேவை, மனிதர்களைப் புரிந்துகொள்ளும் திறனும் தேவை.

தகவல் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு ஒரு துயரமான சான்று உண்டு. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 2007 ஆகஸ்ட் 1 அன்று நெடுஞ்சாலைப் பாலம் ஒன்று ஆற்றில் இடிந்து விழுந்து 13 பேர் உயிரிழந்தார்கள். உறுப்புகளை இணைக்கும் எஃகுத் தகடுகள் வடிவமைப்பிலேயே தேவையான தடிமன் இல்லாமல் இருந்ததே முதன்மைக் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. அந்தத் தகடுகள் வளைந்திருந்தது 1999, 2003 ஆகிய ஆண்டுகளில் எடுக்கப்பட்ட படங்களிலேயே பதிவாகியிருந்தது. ஆய்வும் நடந்தது, படமும் இருந்தது. ஆனால் பாலத்தின் தாங்குதிறன் கணக்கீட்டில் அந்தத் தகடுகள் சேர்க்கப்படவில்லை. களத்தில் காண்பதற்கும் அலுவலகத்தில் முடிவெடுப்பதற்கும் இடையே இருக்கும் இந்த இடைவெளியை மூடவே உங்கள் மகளைப் போன்றவர்கள் வேண்டும்.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, இந்தத் துறைக்குச் சட்டங்களே அடித்தளம். அமெரிக்காவில் 1967-இல் சில்வர் பாலம் இடிந்து 46 பேர் இறந்த பிறகுதான் பாலங்களை நாடு முழுவதும் முறையாக ஆய்வு செய்யும் விதிகள் வந்தன. 2012-ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய நெடுஞ்சாலைகளுக்கான சொத்து மேலாண்மைத் திட்டத்தை ஒவ்வொரு மாநிலமும் தயாரிக்க வேண்டும் என்றது. நியூசிலாந்து 1996-இல் தன் உள்ளாட்சி மன்றங்கள் நீண்டகால நிதித் திட்டம் வகுப்பதைக் கட்டாயமாக்கியது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2017-இல் சொத்து மேலாண்மைத் திட்டத்துக்கென்றே ஒரு விதியைக் கொண்டுவந்தது. சொத்து மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரநிலைத் தொகுப்பான ஐ.எஸ்.ஓ. 55000, 2014-இல் வெளியாகி 2024-இல் திருத்தப்பட்டது. அரசுத் துறைகள், குடிநீர் வாரியங்கள், போக்குவரத்து ஆணையங்கள், உலக வங்கி போன்ற வளர்ச்சி வங்கிகள், ஐ.நா. அமைப்புகள், பொறியியல் ஆலோசனை நிறுவனங்கள் ஆகிய எல்லா இடங்களிலும் இந்தப் பணி இருக்கிறது. ஆனால் பதவியின் பெயரில் சொத்து மேலாண்மை என்ற சொல் பல நேரங்களில் இருக்காது. திட்டமிடல் பொறியாளர், பராமரிப்புப் பகுப்பாய்வாளர் என்ற பெயர்களிலும் தேட வேண்டும்.

அவர் வகுத்திருக்கும் வழியை நான் ஏற்காததற்குக் காரணம், களத்தில் பணியாற்றாதவரின் ஆலோசனையைப் பராமரிப்புப் பொறியாளர்கள் மதிப்பதில்லை என்பதுதான். அவர்கள் மதிக்காதது நியாயமும்கூட. ஆலோசகர்கள் வந்து அழகான மென்பொருளை நிறுவி, சொத்துப் பதிவேட்டை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதைப் புதுப்பிப்பது யாருடைய அன்றாடப் பொறுப்பு என்று யாரும் தீர்மானிக்காததால், சில ஆண்டுகளில் அந்தப் பதிவேடு பயனற்றுப் போகிறது. ஓர் ஊழியரிடம் எவ்வளவு தரவைக் கேட்கலாம், எது அவருக்குக் கூடுதல் சுமை, எது உண்மையான உதவி என்பது, குறைந்தது இரண்டு மூன்று ஆண்டுகள் பராமரிப்பிலோ ஆய்விலோ நேரடியாக உழைத்தவருக்கே தெரியும். முதுகலைப் படிப்பு அதன் பிறகு வரட்டும். அப்போது வகுப்பில் என்ன கேட்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

களத்தில் உழைக்கும் அந்த ஆண்டுகளில் அவர் முதலில் கற்க வேண்டியது கணக்கியல். பொறியியல் மாணவர்கள் அதைத் தவிர்ப்பார்கள், ஆனால் நிதி அதிகாரியிடம் பேசத் தேய்மானம் (பயன்பாட்டால் சொத்தின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவது), மறுமதிப்பீடு, மாற்றீட்டுச் செலவு (பழைய சொத்துக்குப் பதில் புதியதை அமைக்க ஆகும் செலவு) ஆகியவற்றைத் தெரிந்துகொள்ளாமல் முடியாது. பொதுத்துறைக் கணக்கியலுக்கான பன்னாட்டுத் தரநிலைகளில் கட்டடம், சாலை போன்ற சொத்துகளுக்குரிய 45-ஆம் தரநிலை 2023-இல் வெளியானது; அதைப் படித்துப் புரிந்துகொண்ட பொறியாளருக்கு மதிப்பு அதிகம். சொத்துகளை வரைபடத்தில் இடத்தோடு பதிவு செய்யும் புவியியல் தகவல் அமைப்பும் தரவுத்தளமும் எளிதில் கற்கக்கூடியவை. பொறியாளர் அல்லாதவருக்கும் விளங்கும்படி இரண்டு பக்கக் குறிப்பு எழுதும் பழக்கத்தை இப்போதே தொடங்கலாம். சான்றிதழ்களுக்கு அவசரமில்லை; பிரிட்டனில் உள்ள சொத்து மேலாண்மைக் கழகம் நடத்தும் தேர்வுகளை அனுபவம் பெற்ற பிறகு எழுதினால் போதும்.

ஊதியத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் மென்பொருள் துறையில் சேரும் தோழிகளைவிட அவர் குறைவாகவே ஈட்டக்கூடும். ஆலோசனைப் பணிகள் பெரும்பாலும் ஒப்பந்தக் காலத்தோடு முடிபவை. நிலைத்தன்மை வேண்டுமென்றால் அரசுத் துறையோ குடிநீர் வாரியமோ நல்லது. களப்பயணம் தவிர்க்க முடியாதது என்பதால், அவர் தனியாகச் செல்லும் சூழலைப் பற்றிய உங்கள் கவலையை நேர்காணலின்போதே நிறுவனத்திடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். பொறுப்பான நிறுவனங்களிடம் இதற்கு எழுத்து வடிவில் விதிமுறைகள் இருக்கும்.

முடிவெடுப்பதற்கு முன், இறுதியாண்டுத் திட்டப்பணியையே ஒரு சோதனையாக ஆக்கிக்கொள்ளலாம். கல்லூரிக் கட்டடங்களின் மேற்கூரைகளையோ வளாகத்தின் குழாய்களையோ எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் நேரில் பார்த்து 1 முதல் 5 வரை நிலை மதிப்பெண் கொடுத்து, அடுத்த பத்து ஆண்டுகளுக்கான செலவைக் கணக்கிட்டு, நிதிப் பொறுப்பாளரிடம் அவர் விளக்கிக் காட்டட்டும். இருபதாவது கூரையைச் சரிபார்க்கும்போதும் ஆர்வம் குறையாமல், பொறுப்பாளர் எழுப்பும் மறுப்புகளுக்கும் பொறுமையாக விடை சொல்ல முடிந்தால், இந்தத் துறை அவருக்குப் பொருந்தும். அது சலிப்பாக இருந்தால் வடிவமைப்புப் பணியைத் தேர்ந்தெடுக்கலாம். எப்படியிருந்தாலும், அந்த அறிக்கையுடன் உங்கள் மகளை என்னிடம் அழைத்து வாருங்கள்; எந்த நிறுவனங்களுக்கு முதலில் விண்ணப்பிப்பது என்பதை அதை வைத்தே முடிவு செய்வோம்.